மூன்றாம் கேட்டில் மஞ்சள் விளக்கு

ரயில் ஸ்டேஷனின் மூன்றாம் நம்பர் டிக்கெட் கேட்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கூடவே ஒரு கீச்சல். எதிரே நின்றிருந்தது செக்கரின் மனைவி.

"என்னங்க, கதவு திறக்கல?" என்றாள்.

செக்கர் அவளைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார்.

முழுக் கட்டண டிக்கெட் என்றால் பச்சை விளக்கு; கதவு தானே திறந்துகொள்ளும். சலுகை டிக்கெட் என்றால் மஞ்சள். செக்கர் வந்து, சலுகை அட்டையை வாங்கிப் பார்த்து, சரியாக இருந்தால் தன் சாவியால் தொட்டுத் திறக்க வேண்டும். இந்த கேட்டுகள் வந்து பதினாலு வருடம் ஆகிறது. பதினாலு வருடமாக அவருடைய உலகத்தில் மனிதர்கள் இந்த இரண்டு நிறங்களில்தான் வந்து போனார்கள். தன் வீட்டு ஆள் எந்த நிறம் என்று அவர் யோசித்ததே இல்லை.

மாணவர்களுக்குச் சலுகை உண்டு. இவள் மாணவி இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு உண்டு. இன்று காலை தண்ணீர் கேனைத் தூக்கி மேடையில் வைத்தது இவள்தான். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று: அறுபது வயது தாண்டியவர்கள்.

அவருக்கே ஐம்பத்தெட்டுதான் ஆகிறது.

"தங்கச்சி காத்துக்கிட்டிருப்பா. திறங்களேன்."

பின்னால் நின்ற வரிசையிலிருந்து ஒருவர், "சார் நின்னுக்கிட்டே தூங்குறார் போல" என்றார்.

செக்கர் சாவியால் தொட்டார். கதவு திறந்தது.

"வரேங்க. சாப்பாட்டை ஆற விடாதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் கூட்டத்தில் கரைந்து போனாள். மூன்று ஸ்டேஷன் தள்ளி இருக்கும் அவளுடைய தங்கை போன வாரம் படியில் தடுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதத்துக்கு தினமும் காலை பத்து மணிக்குப் போய்ச் சமைத்து வைத்துவிட்டு வருவதாக ஏற்பாடு. அதாவது ஒரு மாதத்துக்கு தினமும் பத்து மணிக்கு மஞ்சள் விளக்கு.

அட்டையைக் கேட்டிருக்க வேண்டும். ஏன் கேட்கவில்லை என்று செக்கர் தன்னையே கேட்டுக்கொண்டார். கேட்டால் பதில் வந்துவிடும் என்பதுதான் காரணம். அவளுக்கு அறுபது தாண்டியது உண்மையென்றால், இருபத்தொன்பது வருடமாக அவள் வயதை மறைத்திருக்கிறாள். உண்மை இல்லையென்றால், இல்லாத சலுகையில் பயணம் செய்கிறாள். அதுவும் செக்கரின் கேட்டிலேயே. முதலாவது நடந்தால் வீட்டில் உட்கார முடியாது. இரண்டாவது நடந்தால் ஆபீஸில் உட்கார முடியாது.

உட்காருவதுதான் இப்போது அவருடைய ஒரே லட்சியம்.

ஸ்டேஷனின் மேற்கு மூலையில் தொலைந்த பொருள் அறை என்று ஒன்று இருந்தது. குடைகள், ஒற்றைச் செருப்புகள், யாரும் தேடி வராத ஒரு பொய்ப்பல் செட். இவற்றுக்கு நடுவில் ஒரு நாற்காலி. கைப்பிடி வைத்தது, முதுகுக்கு மெத்தை போட்டது. அதில் உட்கார்ந்திருப்பவர் இந்த மாதக் கடைசியில் வேலையை விட்டுப் போகிறார். மாலை ஆனால் செக்கரின் கால்கள் இரண்டும் யாருடையதையோ இரவல் வாங்கிப் போட்டுக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஷூவைக் கழற்றினால் திரும்பப் போட முடியாது. அதனால் அந்த நாற்காலி கேட்டு இரண்டு மாதம் முன்னால் விண்ணப்பம் கொடுத்திருந்தார். நான்கு பக்கப் படிவம். எல்லாவற்றையும் நிரப்பி, மூன்றாம் பக்கத்தில் 'தற்போதைய இடம் காலியாகக் காரணம்' என்று ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்த ஓய்வு, ராஜினாமா, மரணம், இடமாற்றம் என்ற கட்டங்களில் கடைசிக் கட்டத்தில் டிக் போட்டு, நின்றுகொண்டே எழுதி, நின்றுகொண்டே தபாலில் சேர்த்தார்.

ஒரே ஒரு நிபந்தனை. கேட்டில் எரிந்த மஞ்சள் விளக்குகளை இயந்திரம் எண்ணி வைக்கும். செக்கர் பார்த்த அட்டைகளுக்கு அவர் பதிவேட்டில் டிக் போட்டு வைப்பார். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். மூன்று தடவை ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பம் குப்பைத்தொட்டிக்குப் போய்விடும்.

அன்று மாலை சூப்பர்வைசர் பதிவேட்டோடு வந்தார். போன மாதம்தான் வேறு ஸ்டேஷனிலிருந்து வந்தவர். இஸ்திரி கலையாத சட்டை. இன்னும் களைத்துப் போகாத முகம்.

"மஞ்சள் இருநூத்திப் பன்னிரண்டு. உங்க டிக் இருநூத்திப் பதினொண்ணு. அந்த ஒருத்தர் யாரு?"

"டிக் போட விட்டுப்போச்சு சார். அறுபது பிளஸ்."

"அப்ப போடுங்க."

செக்கர் 'அறுபது வயதுக்கு மேல்' என்ற வரிசையில் ஒரு டிக் போட்டார்.  மனைவியின் வயது சர்க்கார் பதிவேட்டில் ஏறிவிட்டது.

சூப்பர்வைசர் குனிந்து பார்த்தார். "இது எந்த வரிசைக்குப் போட்டது? கீழயா, மேலயா?"

"கீழ சார். வால் மட்டும் மேல போகும்."

அவர் டிக் அப்படித்தான். கீழே ஒரு கட்டத்தில் பிறந்து, மேலே அடுத்த கட்டத்தில் போய்த்தான் அடங்கும். அதனாலேயே ஸ்டேஷனில் அவருக்கு 'வால்' என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

"இன்னொரு விஷயம்" என்றார் சூப்பர்வைசர். "இந்த மாச டூட்டி சார்ட்டுல உங்களைக் காணோம். நானே பேனாவால எழுதிட்டேன்."

"விட்டுட்டிருப்பாங்க சார். அப்ப என் வார லீவு?"

"சார்ட்டுல இல்லாதவருக்கு எப்படி லீவு போடறது?"

அதில் நியாயம் இருப்பது போலத்தான் செக்கருக்குப் பட்டது. களைப்பாக இருக்கும்போது எல்லாவற்றிலும் நியாயம் இருப்பது போலத்தான் படுகிறது.

வீட்டுக்குப் போனதும் வெந்நீர் வாளியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நேராகக் கேட்கக் கூடாது. சுற்றி வந்து கேட்க வேண்டும் என்று வழியிலேயே முடிவு செய்திருந்தார்.

"நமக்குக் கல்யாணம் ஆனப்போ உனக்கு என்ன வயசு?"

"இருபத்தஞ்சு. ஏன்?"

"சும்மாதான்."

"இருபத்தொம்பது வருஷமா கேக்காததை இன்னிக்கு வந்து சும்மா கேக்கறீங்க."

"உன் தங்கச்சிக்கு?"

"எனக்கு மூணு வயசு இளையவ. ஏன், அவளுக்கென்ன?"

"இல்ல... அவளைப் பார்த்தா அம்பத்தொண்ணுன்னு சொல்ல முடியாது. கொஞ்சம் கூட இருக்கும் போல."

மடித்த துண்டு கையிலேயே நின்றது. "அப்ப நானு?"

செக்கர் யோசித்தார். வாளிக்குள் கால் இருந்ததால் மூளைக்கு ரத்தம் போதவில்லை போலிருக்கிறது.

"நீ அவளுக்கு அக்காதானே" என்றார்.

அதற்குப் பிறகு வெந்நீர் ஆறிப்போயும் யாரும் துண்டு கொண்டுவந்து தரவில்லை. ஈரக் காலோடு நடந்துபோய் அவரே எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் கிளம்பும்போது அவள் கதவைச் சாத்திக்கொண்டு குளியலறையில் இருந்தாள். அன்று சாப்பாட்டு டப்பாவும் இல்லை.

ஒன்பதரை மணி நெரிசலில் மாடி ஆபீஸ் கிளார்க் இறங்கி வந்தாள். சலுகை அட்டைகள் கொடுக்கும் ஜன்னலில் இருப்பவள். கீழே வருவதே அபூர்வம். கையில் தடித்த வெள்ளைத்தாள் கடிதம் ஒன்று, மடித்து.

"இதுல எல்லாரும் ஒரு கையெழுத்து போடுங்க. அனுதாபக் கடிதம்."

"யாருக்கு?"

"யாரோ ஒரு செக்கராம். வேலையில இருக்கறப்பவே தவறிட்டாராம். தலைமை ஆபீஸ்லேர்ந்து அனுப்பியிருக்காங்க. எல்லா கேட்டுலயும் வாங்கி அவர் வீட்டுக்கு அனுப்பணுமாம்."

நான்காம் கேட்டில் நிற்கும் செக்கர் முதலில் போட்டார். கண்ணைப் பாதி மூடியபடியே ஒரு முழு டூட்டியையும் முடித்துவிடக்கூடியவர் என்பதால் அவருக்கு 'அரைத்தூக்கம்' என்று பெயர்.

"தெரிஞ்சவரா?" என்று செக்கர் கேட்டார்.

"மேல பேரு போட்டிருக்கு. ரெண்டு இனிஷியல், நீளமா என்னமோ. நமக்குத் தெரிஞ்ச ஆள் யாரும் இல்லப்பா" என்றார் அரைத்தூக்கம்.

அதற்குள் செக்கரின் கேட்டில் கீச்சல் கேட்டது. கடிதத்தைக் கேட்டின் தலையிலேயே வைத்துத் திறந்து, உள்பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். வெறும் கையெழுத்து போதாது என்று தோன்றியது. முன்பின் தெரியாத அந்த மனிதரின் கால்களை நினைத்துக்கொண்டார். கையெழுத்துக்கு மேலே, 'இனிமேலாவது அவர் உட்காரட்டும்' என்று எழுதினார்.

கிளார்க் படித்துவிட்டு, "அழகா எழுதியிருக்கீங்க சார். எல்லாரும் வருந்துகிறோம் வருந்துகிறோம்னே போட்டிருக்காங்க" என்றாள்.

"அனுபவம்மா" என்றார் செக்கர்.

சரியாகப் பத்து மணிக்கு மனைவி வந்தாள். செக்கர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். நேற்றுவரை காதோரம் நரைத்திருந்த தலை, இன்று புது ஷூ மாதிரி கன்னங்கரேலென்று மின்னியது. நெற்றியில்கூட ஒரு துளி கறுப்பு வழிந்து காய்ந்திருந்தது.

டிக்கெட்டைச் செருகினாள். மஞ்சள் விளக்கு. கீச்.

"இப்ப எப்படி இருக்கேன்?"

"நல்லா இருக்க" என்றார் செக்கர், அழாத குறையாக.

"எத்தனை வயசு சொல்லலாம்?"

"போயிட்டு வா. ரயில் வந்துடும்."

அவள் போனாள். செக்கர் அறுபது பிளஸ் வரிசையில் டிக் போட்டார். நிமிர்ந்தால் சூப்பர்வைசர்.

"இப்ப போனாங்களே, அந்தம்மாவுக்கு அறுபதா?"

"பார்த்தா தெரியாது சார்."

"எனக்கு நாப்பத்தெட்டுன்னுதான் தோணிச்சு."

இதை மட்டும் அவளிடம் சொல்ல முடிந்தால் வீட்டில் துண்டு கிடைக்கும் என்று செக்கர் நினைத்தார்.

"கார்டு பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார்."

முப்பத்தொரு வருட வேலையில் அவர் சொன்ன முதல் பொய். அது வெளியே வந்த சுலபத்தைப் பார்த்து அவருக்கே பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு யோசனை செய்தார். மனைவி தன் கேட்டில் வருவதால்தானே இத்தனையும்? தான் அந்த கேட்டில் இல்லாவிட்டால்? அரைத்தூக்கத்தைப் பிடித்தார்.

"பத்து மணிக்கு ஒரு பத்து நிமிஷம் நீ என் கேட்டையும் பார்த்துக்கோ. நான் கோடியில எட்டாம் நம்பர்ல நிக்கறேன்."

"ஏன்?"

"அங்க காத்து வருது."

"ரெண்டு கேட்டா? ஒண்ணுக்கே கண்ணு முழிக்க முடியல" என்றார் அரைத்தூக்கம். ஆனால் மறுக்கவும் தெம்பில்லாததால் தலையாட்டிவிட்டார்.

செக்கர் எட்டாம் கேட்டுக்குப் போய், ஒரு தூணுக்குப் பின்னால் பாதி உடம்பை மறைத்துக்கொண்டு நின்றார். பத்து மணிக்கு மனைவி மூன்றாம் கேட்டுக்கு வந்தாள். எட்டிப் பார்த்தாள். அரைத்தூக்கத்தைக் கண்டதும் திரும்பினாள். ஒவ்வொரு கேட்டாகப் பார்த்துக்கொண்டே, எதிரே வரும் கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு, கடைசியில் எட்டாம் கேட்டுக்கே வந்து சேர்ந்தாள். கையில் சாப்பாட்டு டப்பா.

"நேத்து வெளியில என்னத்தையோ தின்னு வயித்தைக் கெடுத்துக்கிட்டிருப்பீங்க. கோபம் வேற, சோறு வேற. பிடிங்க" என்று கதவுக்கு மேலாக நீட்டினாள். "ஏன் இங்க ஒளிஞ்சுக்கிட்டு நிக்கறீங்க?"

"ஒளியல. காத்து வருது."

"எங்க வருது?"

மஞ்சள் விளக்கு. கீச். செக்கர் திறந்துவிட்டார்.

அதே நேரம் மூன்றாம் கேட்டில் ஒரே கூச்சல். அரைத்தூக்கம், தன் பெயருக்கு ஏற்ப நின்றபடியே கண்ணை மூடியிருந்தார். வரிசையில் நின்ற பொறுமைசாலிகள் திறக்காத கதவில் முட்டிக்கொண்டிருக்க, பொறுமையில்லாதவர்கள் அடியில் குனிந்து போய்க்கொண்டிருந்தார்கள். முப்பது மஞ்சளுக்கு ஒரு டிக்கூட இல்லை.

மாலையில் சூப்பர்வைசர் பதிவேட்டை மூடி வைத்துவிட்டுப் பேசினார். கத்தினால்கூடப் பரவாயில்லை, மெதுவாகப் பேசினார்.

"யார் சொல்லி கேட் மாத்தினீங்க?"

"தப்புதான் சார்."

"கேமராவுல பார்த்தேன். கறுப்புத் தலையோட அதே அம்மா. நேத்து மூணாம் கேட், இன்னிக்கு எட்டாம் கேட். நீங்க எங்க இருக்கீங்களோ அங்க வர்றாங்க. அறுபதுன்னு டிக் போடறீங்க. நான் ஒண்ணும் தப்பா நினைக்கல. ஆனா நாளைக்குப் பத்து மணிக்கு நான் உங்க பக்கத்துல நிக்கறேன். அந்தக் கார்டை நானே பார்க்கறேன்."

செக்கர் மூடிய பதிவேட்டை இழுத்து நேராக வைத்தார்.

"இது வேற வந்திருக்கு" என்று சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டினார். "உங்க இடம் காலின்னு தலைமை ஆபீஸ் ஒத்துக்கிட்டாங்க. திங்கட்கிழமை உங்க கேட்டுக்குப் புது ஆள் வர்றார். இந்த நேரத்துல போய் இப்படிப் பண்றீங்களே!"

செக்கர் தாளை வாங்கினார். அவருக்குக் கண் கலங்கியது. ஒத்துக்கொண்டுவிட்டார்கள்! மெத்தை வைத்த நாற்காலி கண்ணுக்கு எதிரே வந்து நின்றது. அதில் உட்காரப் போகும் நேரத்தில், கன்னங்கரேலென்ற ஒரு தலை குறுக்கே வந்து அதை இழுத்துக்கொண்டு போனது.

வீட்டில் வாளியைக்கூடக் கேட்காமல் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"நாளைக்கு ஒரு நாள் பஸ்ல போயேன்."

"ஏன்?"

"ரயில் லேட்டு."

"ரயில் லேட்டாகும்னு உங்க வாயிலேர்ந்து இன்னிக்குத்தான் கேக்கறேன். என் அப்பா வந்த வண்டி மூணு மணி நேரம் கழிச்சு வந்து சேர்ந்தப்பகூட, அவர்தான் சீக்கிரம் கிளம்பிட்டார்னு சண்டை போட்டீங்க."

"அப்ப... முழு டிக்கெட் வாங்கிட்டுப் போ."

"அரை விலையில கிடைக்கறதை எவ முழுசு கொடுத்து வாங்குவா?" அவள் கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "எனக்குப் புரிஞ்சுபோச்சு. முதல் நாள் வயசைக் கேட்டீங்க. அப்புறம் தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சீங்க. இப்ப பஸ்ல போகச் சொல்றீங்க. நான் உங்க பொண்டாட்டின்னு நாலு பேருக்குத் தெரியறது உங்களுக்கு வெக்கமா இருக்கு."

"ஐயோ, இல்லம்மா..."

"நாளைக்கும் வருவேன். உங்க கேட்லதான் வருவேன். நல்ல சேலையா கட்டிக்கிட்டு வருவேன்."

காலையில் காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டுவிடலாமா என்று செக்கர் யோசித்தார். சார்ட்டில் இல்லாதவருக்குக் காய்ச்சலும் வராது என்பது நினைவுக்கு வந்தது.

பத்து மணிக்கு அவள் வந்தாள். கருநீலச் சேலை, மின்னும் தலை, நிமிர்ந்த நடை. சூப்பர்வைசர் கேட்டுக்குப் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். நான்காம் கேட்டில் அரைத்தூக்கம் தன் வாழ்நாளில் முதன்முறையாக இரண்டு கண்களையும் முழுசாகத் திறந்து வைத்திருந்தார்.

மஞ்சள் விளக்கு. கீச்.

"அம்மா, கார்டு காட்டுங்க" என்றார் சூப்பர்வைசர்.

அவள் கைப்பையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். செக்கரும் அப்போதுதான் அதைப் பார்த்தார். புத்தம்புதிய அட்டை. அவள் பெயர். அவருடைய சர்வீஸ் ஃபைலில் இருக்கும் அவளுடைய இருபது வருடத்துக்கு முந்தைய படம். வயது என்று எதுவும் இல்லை. கீழே 'வகை 9' என்று மட்டும் இருந்தது.

கேட்டில் ஒட்டியிருந்த அட்டவணையில் ஏழு வரைக்கும்தான் இருந்தது.

"ஒன்பதுன்னா என்ன?" என்று சூப்பர்வைசர் செக்கரைக் கேட்டார். "நீங்க மூணு நாளா பார்த்துத்தானே விட்டீங்க?"

செக்கர் அட்டவணையை மேலிருந்து கீழாக இன்னொரு தடவை எண்ணினார். 

"அவரை ஏன் மிரட்டறீங்க?" என்றாள் மனைவி. "அவர் என் வீட்டுக்காரர்."

பின்னால் வரிசையில் யாரோ ஒருவர் 'அதானே பார்த்தேன்' என்பது போலத் தொண்டையைச் செருமினார். சூப்பர்வைசரின் முகத்தில் மூன்று நாள் சந்தேகமும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே முடிவுக்கு வந்தது.

"ரெண்டு பேரும் மாடிக்கு வாங்க" என்றார். "கார்டு ஜன்னல்ல கேட்டுடலாம். பொய்க் கார்டா இருந்தா நான் எழுதித்தான் ஆகணும். நாற்காலியை மறந்துடுங்க."

மாடிக்கு முப்பத்திரண்டு படிகள். செக்கர் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொன்றாக ஏறினார். ஜன்னல் முன்னால் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். உட்கார அங்கே எதுவும் இல்லை. முழு மாடியிலும் ஒரே ஒரு நாற்காலி. அது ஜன்னலுக்கு உள்ளே, கிளார்க்கின் கீழே இருந்தது.

வரிசை நகர்ந்தது. செக்கர் மனைவியைப் பார்த்தார். வியர்வையில் காதோரச் சாயம் கரைந்து, உள்ளேயிருந்து பழைய நரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு ஏனோ அந்த நரையைப் பார்த்ததும் மனசு லேசானது. நாற்காலி போனால் போகட்டும். இன்னும் இரண்டு வருடம் நின்றே தீர்த்துவிடலாம். இவள் கோபமாக இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

"இங்க பாரு" என்றார் தாழ்ந்த குரலில். "உனக்கு எத்தனை வயசா இருந்தாலும் எனக்குப் பரவாயில்ல. அறுபத்தொண்ணா இருந்தாலும் சரி, அறுபத்தஞ்சா இருந்தாலும் சரி. என்கிட்ட மறைச்சியேன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

அவள் மெல்லத் திரும்பினாள்.

"என்ன சொன்னீங்க?"

"அறுபதுக்கு மேலதானே இந்தச் சலுகை..."

"அம்பத்தி நாலு!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "எனக்கு அம்பத்தி நாலு! வர்ற ஆவணிக்குத்தான் அம்பத்தஞ்சு! கேட்டுக்கோங்க எல்லாரும்!"

வரிசையில் இருந்த ஆறு பேரும் கேட்டுக்கொண்டார்கள். அவர்களில் உண்மையிலேயே அறுபது தாண்டிய இரண்டு பேர் மட்டும் கொஞ்சம் பொறாமையோடு பார்த்தார்கள்.

"அப்ப இது பொய்க் கார்டு" என்றார் சூப்பர்வைசர், வருத்தத்தோடு.

செக்கர் சுவரில் சாய்ந்துகொண்டார். "இதை எங்கேர்ந்தும்மா வாங்கின?" என்றார்.

"நான் எங்க வாங்கினேன்? உங்க தலைமை ஆபீஸ்லேர்ந்து போன வாரம் தபால்ல வந்துச்சு. நீங்கதான் எனக்காகச் சொல்லி வாங்கியிருக்கீங்கன்னு நெனச்சு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? கூட ரெண்டு பக்கத்துக்கு ஒரு லெட்டர்."

"லெட்டர்ல என்ன போட்டிருந்துச்சு?"

"உங்க ஆபீஸ் லெட்டரை நீங்களே படிக்க மாட்டீங்க. நான் படிப்பேனா? அலமாரியில விரிச்சுப் போட்டிருக்கேன்."

அவர்கள் முறை வந்தது. சூப்பர்வைசர் அட்டையை ஜன்னலுக்குள் நீட்டினார்.

"இது என்ன வகைன்னு பார்த்துச் சொல்லுங்க. அறுபது பிளஸ்ஸான்னு தெரியணும். இந்தம்மாவோட கார்டு."

கிளார்க் அட்டையை வாங்கி, நம்பரைத் தட்டி, திரையைப் பார்த்தாள். முகம் மாறியது. ஜன்னல் வழியாக மனைவியைப் பார்த்தாள். கலைந்த சாயம், கலங்கிய கண். 'ச்சு' என்று உச்சுக்கொட்டினாள். பிறகு எழுந்து, தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு, பக்கத்துக் கதவு வழியாக வெளியே வந்தாள். நாற்காலியைப் பார்த்ததும் செக்கரின் முழங்கால் தானாகவே மடங்கப் போனது.

கிளார்க் அவரைக் கையால் தடுத்தாள்.

"நீங்க கொஞ்சம் நகருங்க சார், பாவம், அந்தம்மா உட்காரட்டும், இது வேலையில இருக்கறப்பவே செத்துப்போன செக்கரோட சம்சாரத்துக்குக் கொடுக்கற கார்டு, அன்னிக்கு அவர் வீட்டுக்கு அனுப்பற கடிதத்துல 'இனிமேலாவது அவர் உட்காரட்டும்'னு எழுதினீங்களே, அவரோட சம்சாரம்தான் இவங்க."